ஆறடி தெற்கே, ஓரடி மேற்கே: நுங்கம்பாக்கம் நில அளவைக்குறியின் வரலாறும் வாசிப்பும்

ஆய்வுச் சுருக்கம்

சென்னை நுங்கம்பாக்கத்தில் பழைய மதராஸ் வானாய்வகம் இருந்த வளாகத்தில், வில்லியம் லாம்டன் 1802இல் நிலைப்படுத்திய அளவைத் தொடக்கப் புள்ளியைச் சுட்டும் பொறிப்பு ஒன்று உள்ளது. அது கூறும் நெட்டாங்கு 1802ஆம் ஆண்டுக்குரிய மதிப்பன்று என்பதையும், அதன் வாசகம் வானாய்வகம் இடம்பெயர்ந்த 1899ஆம் ஆண்டுக்குப் பிற்பட்டது என்பதையும் இக்கட்டுரை அகச்சான்றுகள் கொண்டு நிறுவ முயல்கிறது. கும்பினியார் காலத்தையும் அதற்குப் பிற்பட்ட காலத்தையும் சேர்ந்த அளவைக்குறிகளைக் கல்வெட்டியல் முறைப்படி வாசிக்க இடமுண்டு என்பது கட்டுரையின் துணைக் கருத்து.

திறவுச் சொற்கள்: நில அளவை, லாம்டன், மதராஸ் வானாய்வகம், அடிக்கோடு, நெட்டாங்கு, எல்லைக்கல், நாற்பாலெல்லை

முன்னுரை

தமிழகத்தில் கல்லில் எழுதப்பட்டவற்றைப் படிப்பதற்கு வலுவான மரபு உண்டு. எழுத்தமைதி, ஆட்சியாண்டு, மெய்க்கீர்த்தி, வானியற் குறிப்பு எனப் பல வழிகளில் ஒரு கல்வெட்டின் காலத்தைக் கணிக்கும் பயிற்சி நம் ஆய்வுலகிற்குப் புதிதன்று. எனினும் இப்பயிற்சி பெரும்பாலும் நாயக்கர், மராட்டியர் காலத்தோடு நின்றுவிடுகிறது. அதற்குப் பின் நடப்பட்ட கற்கள் கல்வெட்டாகக் கருதப்படுவதில்லை. அவை பொதுப்பணித் துறையின் உடைமையாகவோ வருவாய்த் துறையின் அடையாளமாகவோ மட்டும் எஞ்சுகின்றன. அவற்றில் எழுதியிருப்பதை ஐயமின்றி ஏற்றுக்கொள்ளும் வழக்கமும் இதனால் உண்டாயிற்று. ஒரு சோழர் கல்வெட்டு தன்னைப் பற்றிக் கூறுவதை அப்படியே ஏற்காமல் சோதிக்கும் நாம், ஆங்கிலத்தில் பாகைகளும் கலைகளும் பொறித்த ஒரு குறியின் முன்னால் மட்டும் ஏன் கைகட்டி நிற்கிறோம் என்பதே இக்கட்டுரைக்குத் தூண்டுகோலான வினா.

நில அளவைக் கற்கள் எல்லாம் ஒரே வகையின அல்ல என்பதை முதலில் தெளிவுபடுத்த வேண்டும். முக்கோண அளவை நிலையக் குறி ஓர் இடத்தின் அகலாங்கையும் நெட்டாங்கையும் நிலைநிறுத்துவது. உயரக்குறிக் கல் கடல்மட்டத்திலிருந்து ஓர் இடத்தின் உயரத்தைக் காட்டுவது. ஊர்ப்புறங்களில் ‘சர்வே கல்’ என்று வழங்குவது வருவாய்த் துறையின் புல எல்லைக்கல். இம்மூன்றும் வெவ்வேறு நோக்கங்களுக்காக, வெவ்வேறு காலங்களில், வெவ்வேறு அலுவலர்களால் இடப்பட்டவை. நாளிதழ்ச் செய்திகளில் இவை மூன்றும் ஒன்றாகக் குழம்புவதைக் காணலாம். நுங்கம்பாக்கத்தில் இருப்பது முதல்வகையைச் சேர்ந்தது.

பொறிப்பின் வாசகம்

இன்று மண்டல வானிலை ஆய்வு மையம் இயங்கும் அவ்வளாகத்தில் உள்ள ஆங்கிலப் பொறிப்பு இரண்டு செய்திகளைத் தருகிறது. கர்னல் வில்லியம் லாம்டன் 1802இல் நிலைப்படுத்திய, இந்திய அளவைப் பணியின் முதன்மைத் தொடக்கப் புள்ளி, ‘இத்தூணின்’ நடுவிலிருந்து தெற்கே 6 அடியும் மேற்கே 1 அடியும் தள்ளி இருந்தது என்பது ஒன்று. அப்புள்ளியின் புவியளவை நிலையாக அகலாங்கு 13 பாகை 4 கலை 3 விகலை அளவிலும், நெட்டாங்கு 80 பாகை 14 கலை 54 விகலை அளவிலும் தரப்படுகின்றன. விகலையின் பின்னப் பகுதியும் உண்டு. மதராஸ் வானாய்வகத்தின் நெடுவரை வட்டக் கருவியின் நடுப்புள்ளி இதே தூணின் நடுவிலிருந்து கிழக்கே 12 அடி தொலைவில் இருந்தது என்பது மற்றொன்று.

கவனிக்க வேண்டியது, இக்குறி தான் நிற்கும் இடத்தைக் குறிக்கவில்லை என்பதாகும். அது சுட்டும் இரு புள்ளிகளும் அதற்கு வெளியே உள்ளன. அங்கே இப்போது எதுவும் இல்லை. இல்லாத இரண்டிற்கும் இருக்கும் ஒன்று சாட்சி சொல்கிறது.

இவ்வகைச் சொல்முறை தமிழ் ஆவண மரபை அறிந்தவர்க்கு அயலானதன்று. நம் கல்வெட்டுகளிலும் செப்பேடுகளிலும் பிற்கால நிலப் பத்திரங்களிலும் வரும் நாற்பாலெல்லைக் கூற்று, விற்கப்படும் நிலத்தை நேரடியாக வருணிப்பதில்லை. வாய்க்காலுக்குத் தெற்கு, இன்னார் நிலத்துக்கு மேற்கு என்று பக்கத்தில் உள்ளவற்றைச் சொல்லி இடையிலுள்ளதை அறியவைக்கிறது. நுங்கம்பாக்கப் பொறிப்பும் அவ்வாறே திசையும் தொலைவும் சொல்லி வெற்றிடத்தைச் சுட்டுகிறது. இதனைத் தாக்கம் என்று கொள்ளக் கூடாது. அளவையாளர் எங்கும் கையாளும் பொதுவழி இது. ஆயினும் வாசிப்பு முறை ஒன்றே: எதிலிருந்து அளக்கப்படுகிறது, யாருடைய காலத்தில் நின்று சொல்லப்படுகிறது என்ற இரண்டையும் பிரித்தறிய வேண்டும்.

1792ஆம் ஆண்டின் தூண்

லாம்டனுக்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே அவ்வளாகத்தில் ஒரு பொறிப்பு இருந்தது. வில்லியம் பெட்ரி என்னும் கும்பினி அலுவலர் 1786இல் எழும்பூரில் தனிப்பட்ட முறையில் தொடங்கிய வானாய்வகத்தைக் கும்பினி ஏற்றுக்கொண்டபின், மைக்கேல் டாப்பிங்கின் வடிவமைப்பில் 1792இல் நுங்கம்பாக்கத்தில் கட்டடம் எழுந்தது. வானாய்வுக் கருவியை அசையாமல் தாங்குவதற்காக அதன் நடுவே ஏறத்தாழ 15 அடி உயரமும் 10 டன் எடையும் கொண்ட கருங்கல் தூண் நிறுத்தப்பட்டது. டாப்பிங்கின் பெயரும் ஆண்டும் அதில் உள்ளன. இலத்தீன், ஆங்கிலம் ஆகியவற்றோடு தமிழ், தெலுங்கு, இந்துஸ்தானி ஆகிய மொழிகளிலும் அதில் எழுதப்பட்டது.

பல மொழிகளில் எழுதியதன் காரணம் அக்கால அறிக்கையிலேயே சொல்லப்பட்டுள்ளது. பிரித்தானியரின் கொடையுள்ளத்தால் ஆசியாவில் கணித அறிவியல் முதன்முதலாக நடப்பட்ட காலத்தை ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின் வருவோரும் அறிய வேண்டும் என்பது அதன் கருத்து. ‘முதன்முதலாக’ என்ற சொல்லைத் தமிழாய்வாளர் எளிதில் கடந்துபோக முடியாது. முதலாம் இராசராசன் தன் 17ஆம் ஆட்சியாண்டில் நாடு முழுவதையும் அளக்கச் செய்தான். அளந்த அதிகாரி ‘உலகளந்தான்’ என்னும் பட்டம் பெற்றான். அவ்வரசனின் தஞ்சைக் கல்வெட்டுகளில் வேலியின் 5,242 கோடியே 88 இலட்சத்தில் ஒரு பங்கு வரை நுண்பின்னங்கள் காணப்படுகின்றன. முதலாம் குலோத்துங்கனின் 1086ஆம் ஆண்டு அளவையும் நன்கறியப்பட்டதே. ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின் வருவோரை நோக்கிப் பேசிய அத்தூணுக்கு, ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் நடந்தது தெரிந்திருக்கவில்லை. அல்லது தெரியவேண்டிய தேவை இருக்கவில்லை.

டாப்பிங் 1796இல் மசூலிப்பட்டினத்தில் இறந்தார். அவர் முயற்சியால் 1794இல் தொடங்கப்பட்ட அளவைப் பள்ளி பின்னாளில் கிண்டிப் பொறியியல் கல்லூரியாக வளர்ந்தது. அப்பள்ளிக்கும் லாம்டனின் பணிக்கும் உள்ள தொடர்பு கட்டுரையின் பிற்பகுதியில் வரும்.

1802: சங்கிலியும் அடிக்கோடும்

நான்காம் மைசூர்ப் போரில் 33ஆம் படைப்பிரிவோடு பங்குபெற்ற லாம்டன், போர் முடிந்தபின் தீபகற்பத்தின் குறுக்கே ஒரு முக்கோண அளவையை நிகழ்த்த மதராஸ் அரசுக்குத் திட்டம் அளித்தார். ஆர்தர் வெல்லெஸ்லியின் ஆதரவோடு அது ஏற்கப்பட்டது. படையெடுப்புக்கும் வரி விதிப்புக்கும் உதவும் நிலப்படம் அரசின் தேவை. புவியின் வடிவத்தை அறிவது லாம்டனின் தேவை. இவ்விரு தேவைகளும் ஒரே செலவுக் கணக்கில் அடங்கியதுதான் இவ்வளவையின் தனித்தன்மை. அதே மைசூரில் அதே காலத்தில் காலின் மெக்கன்சி நிலப்பட அளவை செய்து கொண்டிருந்தார். சுவடிகளையும் கைபீதுகளையும் தொகுத்தவராக மெக்கன்சி தமிழாய்வில் நிலைத்துவிட்டார்; லாம்டனோ அவ்வாறு எதையும் தொகுக்காததால் நம் நூலடைவுகளில் இடம்பெறவில்லை.

கருவிகள் வந்த வழி ஒரு தனிக்கதை. அளவைக்குப் பயன்பட்ட எஃகுச் சங்கிலி, சீனப் பேரரசருக்குப் பரிசாக மெக்கார்ட்னி தூதுக்குழு கொண்டுசென்று, அங்கு ஏற்கப்படாமல் டின்விடி என்பவர் கைக்கு வந்த பொருள்களுள் ஒன்று. ராம்ஸ்டன் செய்த அச்சங்கிலி 100 அடி நீளமும், இரண்டரை அடிக் கண்ணிகள் 40ம் கொண்டது. இலண்டனில் கேரி செய்த பெரிய தியோடலைட், அரை டன் எடையுள்ளது, வரும் வழியில் பிரெஞ்சுக்காரரிடம் சிக்கி மொரீசியசுக்குப் போய்ப் பின்னர் மதராசுக்கு அனுப்பப்பட்டது.

1802 ஏப்ரல் 10ஆம் நாள் பரங்கிமலையை அடுத்த சமவெளியில் அடிக்கோட்டை அளக்கும் பணி தொடங்கியது. அது தெற்கு நோக்கிப் பெரும்பாக்கம் குன்றின் பக்கமாக ஏறத்தாழ ஏழரை மைல் சென்றது. நிலத்தின் மேல் சங்கிலியை இழுத்து அளக்கவில்லை. மரப்பெட்டிகளைக் கால்களின்மேல் மட்டம் பார்த்து நிறுத்தி, அவற்றுள் சங்கிலியை நீட்டி, வெயிலால் எஃகு நீள்வதைக் கணக்கிட வெப்பமானிகளை வைத்து, ஒவ்வொரு 100 அடியாக நகர்ந்தனர். சித்திரை, வைகாசி வெயிலில் ஏறத்தாழ 400 முறை இது நடந்தது. ஒப்புநோக்குவதற்காக இன்னொரு சங்கிலி பயன்படுத்தப்படாமல் காக்கப்பட்டது.

இங்கே ஓர் ஒப்பீடு பொருந்தும். சோழர் கால அளவுகோல்கள் கோயிற் சுவரிலும் அதிட்டானத்திலும் கீறி வைக்கப்பட்டன. ஊரார் எவரும் தம் கோலை அக்கீறலோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கலாம். லாம்டனின் மூல அளவோ பெட்டிக்குள் பூட்டப்பட்ட சங்கிலி. துல்லியத்தில் இரண்டாவது மிக உயர்ந்தது. அளக்கப்படுவோர் சரிபார்க்கும் உரிமையில் முதலாவதே உயர்ந்தது. அளவை வரலாற்றைத் துல்லியத்தின் வளர்ச்சியாக மட்டும் எழுதும்போது இவ்விழப்பு கண்ணுக்குப் படுவதில்லை.

அடிக்கோட்டின் இரு முனைகளிலிருந்து முக்கோணங்கள் விரிந்தன. வானாய்வகமும் அவ்வலையில் இணைக்கப்பட்டது. அடிக்கோடு நீளத்தைத் தந்தது. ஆனால் உலகில் எங்கே இருக்கிறோம் என்பதை அது சொல்லாது. அதைச் சொல்ல வானத்தை நோக்கிய ஓர் இடம் வேண்டும். மதராஸ் வானாய்வகம் அவ்விடமாயிற்று. தொடக்கப் புள்ளி பரங்கிமலையில் அமையாமல் நுங்கம்பாக்கத்தில் அமைந்தமைக்குக் காரணம் இதுவே. இருநூற்றாண்டு நிறைவையொட்டி லாம்டனின் மார்பளவுச் சிலை பரங்கிமலையில் வைக்கப்பட்டதால், அதுவே தொடக்கப் புள்ளி என்னும் எண்ணம் இன்று பரவியுள்ளது. பரங்கிமலை அடிக்கோட்டுக்கு உரியது, நுங்கம்பாக்கம் நெட்டாங்குக்கு உரியது என்று பிரித்துச் சொல்வதே முறை.

நெட்டாங்கு: ஒரு மதிப்பின் மூன்று பிறவிகள்

அகலாங்கை விண்மீன்களின் உயரத்திலிருந்து ஓரளவு நேரடியாகக் காணலாம். நெட்டாங்கு அவ்வாறன்று, அது இரண்டு ஊர்களின் நேர வேறுபாடு. கிரீனிச்சில் இப்போது மணி என்ன என்பதை நுங்கம்பாக்கத்தில் நின்று அறிந்தால்தான் நெட்டாங்கு கிடைக்கும். தந்தி இல்லாத காலத்தில் வியாழனின் துணைக்கோள்கள் மறைவதே இரண்டு ஊர்களுக்கும் பொதுவான கடிகாரமாக இருந்தது. நேரத்தில் 1 நொடி பிழைத்தால் நெட்டாங்கில் 15 விகலை பிழைக்கும்; சென்னையின் அகலாங்கில் அது ஏறத்தாழ 450 மீட்டர்.

வானாய்வகப் பொறுப்பாளர் ஜான் கோல்டிங்காம் 1802ஆம் ஆண்டளவில் கொண்ட மதிப்பு 80 பாகை 18 கலை 30 விகலை. கிரீனிச்சைவிட 5 மணி 21 நிமிடம் 14 நொடி முந்திய ‘மதராஸ் நேரம்’ இதிலிருந்து பிறந்ததே. அம்மதிப்பு சில ஆண்டுகளில் திருத்தப்பட்டது. கோல்டிங்காம் விடுப்பில் இருந்தபோது 1805 முதல் 1811 வரை வானாய்வகத்தைக் கவனித்த ஜான் வாரன் கணித்த மதிப்பு 80 பாகை 17 கலை 21 விகலை. முக்கோண அளவையின் நெட்டாங்குகள் அனைத்தும் நெடுங்காலம் இம்மதிப்பின் மேலேயே நின்றன. கன்னியாகுமரி முதல் இமயம் வரை வரைந்த தாள்கள் யாவற்றுக்கும் இதுவே நங்கூரம்.

வாரனைப் பற்றி ஒரு சொல் கூற வேண்டும். லாம்டனிடம் உதவியாளராக இருந்த இவர், தென்னாட்டுக் காலக்கணிதம் பற்றிக் ‘கால சங்கலிதம்’ என்னும் நூலை 1825இல் வெளியிட்டார். புதுச்சேரியில் தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவர், தரையில் சோழிகளைப் பரப்பி, வாக்கியங்களை மனப்பாடமாகச் சொல்லி, எழுதுகோல் எடுக்காமலே ஒரு சந்திர கிரகணத்தைக் கணித்ததை நேரில் கண்டு பதிவு செய்தவரும் இவரே. கணித அறிவியல் ஆசியாவில் முதன்முதலாக நடப்பட்டதாகக் கூறும் தூணின் நிழலில் பணியாற்றிய ஒருவரே அக்கூற்றுக்கு மறுப்பான சான்றைத் திரட்டித் தந்திருக்கிறார்.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தந்தி வந்தது. நேரக்குறிகளைக் கம்பி வழியே அனுப்பி இரு இடங்களின் மணியை ஒப்பிட முடிந்தது. அப்போதுதான் பழைய மதிப்பு கிழக்கே தள்ளியிருந்தமை உறுதியாயிற்று. மதராஸ் நேரமும் 5 மணி 20 நிமிடம் 59 நொடி எனக் குறைந்தது. பழைய தாள்களின் நெட்டாங்கிலிருந்து 2 கலை 27 விகலையைக் கழித்துக்கொள்ளுமாறு குறிப்பு இடப்பட்டது.

80 பாகை 17 கலை 21 விகலையிலிருந்து 2 கலை 27 விகலையைக் கழித்தால் கிடைப்பது 80 பாகை 14 கலை 54 விகலை. நுங்கம்பாக்கப் பொறிப்பில் உள்ள எண் இதுவே.

ஆகவே பொறிப்பு கூறும் புள்ளி 1802க்குரியது. அப்புள்ளிக்குத் தரப்படும் நெட்டாங்கு 1802க்குரியதன்று. லாம்டன் தம் வாழ்நாளில் இவ்வெண்ணைத் தம் வானாய்வகத் தொடக்கத்திற்கு உரியதாகக் கொண்டதில்லை. வாரனின் மதிப்புக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு நிலத்தில் ஏறத்தாழ 4.4 கிலோமீட்டர். நுங்கம்பாக்கத்திலிருந்து நேர்கிழக்கே அவ்வளவு தொலைவு சென்றால் ஏறத்தாழ மெரினாவின் அலைக்கு வந்துவிடலாம். நேரத்தில் சொன்னால் வெறும் 10 நொடி.

இப்பிழையின் தன்மையை மிகைப்படுத்தக் கூடாது. தாள்கள் அனைத்தும் ஒரே அளவில் நகர்ந்திருந்ததால் ஊருக்கும் ஊருக்கும் இடையே உள்ள தொலைவில் பிழை இல்லை. தஞ்சைக்கும் திருச்சிக்கும் இடைவெளி சரியே. நாடு முழுவதும் உலகின் பிற பகுதிகளை நோக்க இடம் மாறி நின்றது. உள்நாட்டு நிருவாகத்திற்கு இதனால் இடையூறு எதுவும் நேராததால்தான் பழைய எண் அவ்வளவு காலம் நீடித்தது.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. பொறிப்பு ‘புவியளவை நிலை’ என்கிறது. வானியல் நிலை என்று கூறவில்லை. புவியளவை நிலை என்பது ஏதேனும் ஒரு நீள்கோள வடிவைப் புவிக்கு உரியதாகக் கொண்டு கணிக்கப்படுவது. லாம்டன் 1823 சனவரி 20ஆம் நாள் இன்றைய மகாராட்டிரத்தின் இங்கன்காட்டில் இறந்தபின், பொறுப்பேற்ற ஜார்ஜ் எவரெஸ்ட் நடு இந்தியாவில் சிரோஞ்சை அடுத்த கல்யாண்பூரைத் தொடக்க நிலையமாக்கினார். 1830ஆம் ஆண்டின் எவரெஸ்ட் நீள்கோளமே இந்திய அளவையின் அடிப்படையாயிற்று. எனவே நுங்கம்பாக்கப் புள்ளிக்கு ‘தொடக்கம்’ என்னும் பெருமையை அளிக்கும் பொறிப்பு, அதன் எண்ணை அப்பெருமையைப் பறித்த அமைப்பிலிருந்தே பெற்றிருக்கிறது. இதே எண்ணை இன்றைய கைப்பேசியின் வரைபடத்தில் இட்டால், நீள்கோளம் வேறாதலின், புள்ளி நூறு மீட்டருக்கும் மேல் விலகி விழும். எண் தவறு என்று அதற்குப் பொருளன்று. எண்ணுக்கும் ஆட்சியாண்டு உண்டு என்பதே பொருள்.

வாசகத்தின் காலம்

பொறிப்பின் காலத்தைக் கணிக்க மேலே கண்ட நெட்டாங்கு முதற்சான்று. அது தந்திவழித் திருத்தத்துக்குப் பிற்பட்டது.

இரண்டாம் சான்று வினைமுற்றில் உள்ளது. நெடுவரை வட்டக் கருவி கிழக்கே 12 அடியில் ‘இருந்தது’ என்று இறந்தகாலத்தில் கூறப்படுகிறது. அக்கருவி 1862 முதல் அங்கு இயங்கியது. நார்மன் போக்சனின் பொறுப்பில் 1887 வரை அதனைக் கொண்டு 5,303 விண்மீன்களின் இடங்கள் அளக்கப்பட்டன. வானாய்வுப் பணி 1899இல் கோடைக்கானலுக்கு மாற்றப்பட்டது. கருவி இருந்த காலத்தில் அதன் இடத்தைத் தூணிலிருந்து அளந்து சொல்லவேண்டிய தேவையே இல்லை. கண்ணெதிரே நிற்கும் பொருளுக்கு யாரும் எல்லை எழுதுவதில்லை. ஆதலின் வாசகம் 1899க்குப் பிற்பட்டது என்பது பொருந்தும்.

மூன்றாவது, நிறுவனம் பற்றியது. 1802இல் அகில இந்திய அளவை என ஒன்று இல்லை. மூன்று மாகாணங்களும் தனித்தனியே அளவையாளர்களை வைத்திருந்தன. இந்தியா முழுமைக்கும் ஒரே தலைமை அளவையர் பதவி 1815இல்தான் உருவாயிற்று. மெக்கன்சி அதில் முதல்வர். லாம்டனின் பணி மாபெரும் முக்கோண அளவை என்ற பெயரைப் பெற்றது 1818இல். மதராஸ் அரசின் செலவில் தொடங்கிய ஒரு மாகாணப் பணியை இந்தியப் பணியின் தொடக்கமாகப் பின்னோக்கிக் காணும் பார்வை இவ்வாசகத்தில் உள்ளது. கல்வெட்டாய்வில் இதற்கு ஒப்பானவற்றைப் பார்த்திருக்கிறோம்: கோயில் திருப்பணியின்போது பழைய கல்வெட்டைப் படியெடுத்துப் புதிதாகப் பொறிப்போர், தம் காலத்துச் சொல்லையும் அதனுள் சேர்த்துவிடுவர். அப்பிற்காலப் படி போலி ஆகாது. ஆனால் மூலமும் ஆகாது.

ஊர் எல்லைக்கற்களோடு ஓர் ஒப்பு

முதலாம் இராசேந்திரனின் திருவாலங்காட்டுச் செப்பேடும் ஆனைமங்கலச் செப்பேடும் கொடைநிலத்தின் எல்லையைப் பிடியானையை நடத்திச் சூழ்வித்து, கல்லும் கள்ளியும் நட்டு உறுதிப்படுத்தியதைக் கூறுகின்றன. சிவன் கோயில் நிலத்திற்குச் சூலக்கல்லும் திருமால் கோயில் நிலத்திற்குத் திருவாழிக்கல்லும் நாட்டப்பட்டன. அவ்வெல்லை நாட்டார் முன்னிலையில், அவர்கள் கண்காண நிகழ்ந்தது. மதராஸ் மாகாணத்தில் 1858இல் தொடங்கிய வருவாய் அளவை புல எண்களையும் கற்களையும் ஊர்தோறும் கொண்டுவந்தது. இன்றும் நடைமுறையில் உள்ள 1923ஆம் ஆண்டு அளவை மற்றும் எல்லைச் சட்டம், அக்கற்களைப் பேணும் கடமையை நிலம் வைத்திருப்போர் மீதே சுமத்துகிறது.

ஊர் எல்லைக்கல் பெயர்ந்தால் வழக்கு வரும். முக்கோண அளவைக்குறி பெயர்ந்தால் யாரும் வழக்குத் தொடுப்பதில்லை. அதனால் யாருடைய வரப்பும் குறைவதில்லை. இத்தகைய குறிகள் ஓசையின்றி மறைவதற்கு இதுவே காரணம் எனக் கருதுகிறேன்.

பொறிப்பில் இல்லாதோர்

1792ஆம் ஆண்டுப் பொறிப்பில் டாப்பிங் உள்ளார். பிற்காலப் பொறிப்பில் லாம்டன் உள்ளார். சங்கிலிப் பெட்டிகளைச் சுமந்தோர், கொடி பிடித்தோர், இரவில் குன்றுகளின்மேல் விளக்கேற்றிக் காத்தோர், காய்ச்சலில் இறந்தோர் இவற்றில் இல்லை என்பதைச் சொல்லவேண்டியதில்லை. ஆனால் பெயர் அறியப்பட்ட இருவர் இப்பொறிப்போடு நேரடித் தொடர்புடையவர்கள். டாப்பிங்கின் அளவைப் பள்ளி மாணவர் யோசுவா டி பென்னிங் சிறு வயதிலேயே லாம்டனோடு சேர்ந்து அவர் இறக்கும்வரை உடனிருந்தார். பின்னர்க் கல்கத்தாவில் அளவையின் தலைமைக் கணிப்பாளர் ஆனார். நெடுவரை வட்டக் கருவியில் இரவுதோறும் நோக்கியோருள் ஒருவர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. ஆர் ரெட்டிகுலி என்னும் ஒளிமாறு விண்மீனை 1867இல் கண்டறிந்தவர் அவர். தூணிலிருந்து கிழக்கே 12 அடி என்று பொறிப்பு சுட்டும் வெற்றிடம் அவருடைய பணியிடமும் ஆகும்.

ஊர்ப்பெயர்களும் இவ்வாறே மறைந்துள்ளன. ஆனால் அவற்றை மீட்க வழியுண்டு. முக்கோண அளவையின் நிலையப் பட்டியல்கள் ஊர்ப்பெயரை ஆங்கிலச் செவிக்கு எட்டியவாறு எழுதின. எனினும் பெயரோடு அகலாங்கும் இருப்பதால் ஊரை அடையாளம் காணலாம். லாம்டன் தம் முதல் நெடுவரை வில்லின் அளவைக் கல்கத்தா ஆசியச் சங்கத்தின் ‘ஏசியாட்டிக் ரிசர்ச்சஸ்’ எட்டாம் தொகுதியில் வெளியிட்டார். அதில் வடமுனை ‘பாத்ரி’ என்னும் நிலையம், அகலாங்கு 13 பாகை 19 கலைக்கு மேல். தென்முனை ‘டிரிவண்டிபோரம்’, 11 பாகை 44 கலைக்கு மேல். இரண்டின் நடு அகலாங்கான 12 பாகை 32 கலையே கட்டுரையின் தலைப்பில் உள்ளது. தென்முனையின் பெயர் ஒலியளவில் திருவனந்தபுரத்தை நினைவூட்டுவதால் மயங்க இடமுண்டு. அவ்வூரோ மூன்று பாகைக்கும் மேலாகத் தெற்கே, மேற்குக் கரையில் உள்ளது. சோழமண்டலக் கரையை ஒட்டி, 11 பாகை 44 கலையைத் தாண்டிய அகலாங்கில், குன்றோடு கூடி அமைந்த ஊர் கடலூரை அடுத்த திருவந்திபுரம்.